ஆறாவது கம்பி போகவில்லை

லாபிஸ் ஆலையின் எடைமேடையில்
எனக்கு இரவு வேலை.
குலைகளோடு லாரி ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு மறுபடி ஏறும், எழுதுவேன்.
அதில் இதைக் கழித்தால்
மிச்சம் செம்பனை.

நிறைவண்டியில் உட்கார்ந்தே இருக்கும் பூபாலன்
காலி வண்டியில் மட்டும் இறங்கி
சிகரெட் பற்றவைப்பார்.
எழுபத்தெட்டுக் கிலோ பூபாலன்
அன்றைக்குச் செம்பனையாய் விலைபோவார்.
ஏறி உக்காருங்கண்ணே என்பேன்.
சிரித்துக்கொண்டே ஏறுவார்.

இரண்டு மணிக்கு மேல் லாரிகள் குறையும்.
சுவரில் மாட்டியிருக்கும் கிட்டாரை எடுப்பேன்.
என்னுடையதில்லை, சகாயராணியுடையது.
முந்நூறு வெள்ளி வாங்கிக்கொண்டு
வந்து மீட்டுக்கிறேன் என்று
விட்டுப்போனாள், சிங்கப்பூர் வேலைக்கு.
மீட்க வரவில்லை.
நான் மீட்டத் தொடங்கிவிட்டேன்.
பதினான்கு மாதமாய்
இருவருக்கும் பேச்சு இல்லை.

கட்டைவிரலுக்குத் தடித்த கம்பிகள்,
மற்ற மூன்றுக்கும் மெல்லியவை.
நானே கட்டிய சின்ன மெட்டு ஒன்று.
கைப்பேசியில் பதிந்து கேட்டபோதுதான் தெரிந்தது:
ஐந்தாவது கம்பிக்கு நான் வந்த பிறகும்
ஆறாவது போகவில்லை.
வர்றேன் என்று செருப்பும் மாட்டிவிட்டு
வாசலில் அரைமணி நேரம் பேசும்
விருந்தாளி மாதிரி.
வாசிக்கும்போது
இது என் காதில் விழவே இல்லை.

கொதிகலன் இரைச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன்.
உள்ளங்கையால் மொத்தமாய் மூடினேன்.
மெட்டும் செத்துப்போனது.
கம்பிகளுக்கு அடியில் துணியைத் திணித்தேன்.
சட்டியில் பருப்பு கொட்டுகிற சத்தம்.
தலைமுடி ரப்பரைக் கழற்றிக்
கழுத்தில் மாட்டியும் பார்த்தேன்,
கிட்டாரின் கழுத்தில்.

ஒரு விடியலில் 4.10க்கு
அந்தப் பதிவை அவளுக்கே அனுப்பிவிட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
அந்த நேரத்துக்குக் கடற்பாலத்தில்
மோட்டார் சைக்கிள் வரிசையில் நிற்பாள்.
பதினொரு விநாடிக் குரல் வந்தது,
பின்னால் நூறு இயந்திரங்கள்:

"ஏய், அஞ்சாவதத் தட்டுனதும்
கட்டவெரலோட முதுக ஆறாவது மேல சாச்சு வை.
அழுத்தாத. தொட்டாப் போதும்."

அவ்வளவுதான்.
எப்படி இருக்கே இல்லை.
பணம் இல்லை.
முந்நூறு என்று தட்டினேன், அழித்தேன்.
எப்ப வருவே என்று தட்டினேன்.
அதையும்.

மூன்று வாரம் ஆனது.
அடிக்கப் பழகிய விரலுக்குச்
சாயத் தெரியவில்லை.
நகத்துக்கு மேலே, கணுவுக்குக் கீழே,
இதுவரை எதற்குமே பயன்படாத
கொஞ்சம் தோல்.
கொஞ்சம் கூடினால் கம்பி இரும்பாய்க் கரகரக்கும்,
குறைந்தால் பழைய விருந்தாளி.
பிறகு ஒரு புதன்கிழமை
ஒன்று முடிந்த இடத்திலேயே மற்றது தொடங்க
நடுவில் தரை தெரிந்தது.
பெருக்கிவிட்ட தரை.

எடைச்சீட்டுக்கு வந்த பூபாலன்
சன்னலில் முழங்கையை ஊன்றிக் கேட்டார்.
"என்னம்மா, இன்னிக்கி நல்லாவே இல்லியே.
அடியில ஒண்ணு உறுமிக்கிட்டே கெடக்கும்,
அது எங்க?"

நிறுத்திட்டேண்ணே என்றேன்.
"ஓ" என்றார்.
ஏதோ எடை குறைந்த மாதிரி
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புதுப் பதிவையும் அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன.
பதில் இல்லை.

கிட்டாரைச் சுவரில் மாட்டினேன்.
அடுத்த லாரி மேடையில் ஏறி
இயந்திரத்தை அணைக்காமல் நின்றது.
சன்னல் கண்ணாடி நடுங்கிற்று.
யாரும் தொடாமலே
ஆறாவது கம்பி முனகத் தொடங்கியது.

கட்டைவிரலை நீட்டினேன்.
பிறகு மடக்கிக்கொண்டு
முதலில் எடையை எழுதினேன்.